நான்காவது கேள்வி

உத்திரமேரூர் கடைவீதியில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு பம்ப்செட் நிறுவனத்தின் கால் சென்டர் இருந்தது. முப்பத்தாறு நாற்காலிகள், முப்பத்தாறு கணினிகள், எல்லோருக்கும் தலையில் ஒரு கருப்பு ஹெட்செட். வடக்கு மாவட்டங்களில் எந்த வயலில் அந்த நிறுவனத்தின் மோட்டார் நின்றாலும் அழைப்பு இங்கேதான் வரும். ஒருத்திக்கு ஒரு நாளைக்கு எண்பது குரல்கள். அதில் எழுபது கோபமாக வரும். மீதிப் பத்து அழுதுகொண்டு வரும்.

கனகா அங்கே சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. சேர்ந்த முதல் மாதத்தில் டீம் லீடர் சுகிர்தா செய்த முதல் வேலை, பெண்கள் வாயிலிருந்து 'கீது'வையும் 'இன்னா'வையும் எடுத்ததுதான். "வேலூர்க்காரரும் கேப்பாரு, கடலூர்க்காரரும் கேப்பாரு. எல்லாருக்கும் புரியற மாதிரி பேசணும்" என்பாள். காலை ஒன்பது மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் கனகாவின் பேச்சு தானாகவே இஸ்திரி போட்டதுபோல மடிப்பு விழுந்து நிற்கும். மாலை ஆறு மணிக்குப் படியிறங்கும்போது பழையபடி கசங்கிவிடும்.

அந்த வேலையில் அவளுக்குப் பிடிக்காதது திட்டு வாங்குவது அல்ல. திட்டு பழகிவிட்டது. யாரென்று தெரியாத ஒருவர் தன் வீட்டுக் கதையைக் கொட்டும்போது, இங்கே ஒரு மனுஷி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று காட்டிக்கொள்ள முடியாது. அதுதான் பிடிக்காது. "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் திரையின் ஓரத்தில் ஓடும் கடிகாரம் சிவப்பாகிவிடும்.

அன்றைக்குச் சித்திரை மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி இருக்கும்.

"யம்மா, பழையசீவரத்துலேர்ந்து மலர்க்கொடி பேசறேன். மோட்டாரு ஓடலம்மா. சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாத்து உட்டு பன்னண்டு நாளு ஆவுது. முந்தாநாள்லேர்ந்து தண்ணி இல்ல. நுனி கருகிக்கினு வருது."

கனகா எண்ணைத் தட்டினாள். திரையில் விவரம் விரிந்தது. அவர் முன்பு கொடுத்த புகார் ஆறு நாட்களுக்கு முன்பே முடிந்துவிட்டதாகப் பச்சையில் எழுதியிருந்தது. அதன் கீழே பணியாளர் பெயர்: தினேஷ்குமார்.

அவள் கணவன்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக்கு மூன்றே மெக்கானிக்குகள். அதில் தினேஷ் ஒருவன். வாரத்துக்கு நான்கைந்து தடவை அவன் பெயர் அவள் திரையில் வரும். "இன்னாடி, உங்க வூட்டுக்காரரு இன்னிக்கு ராஜகுளத்துல சுத்திக்கினு கீறாரு போல" என்று பக்கத்து நாற்காலி பூஜா கிண்டல் செய்வாள். ஆனால் அவன் பெயரில் ஏற்கனவே இரண்டு சிவப்புக் கோடுகள் விழுந்திருந்தன.

ஒரு வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் செல்பேசிக்கு நான்கு இலக்க எண் ஒன்று வரும். மெக்கானிக் அதைக் கேட்டு வாங்கித் தன் செல்பேசியில் போட்டால்தான் புகார் முடியும். வேலை செய்யாமலே, "நாளைக்கு வந்துட்றேன், நம்பர மட்டும் சொல்லுங்க" என்று வாங்கிப் போட்டுவிட்டால் அது பொய் முடிப்பு. மூன்று பொய் முடிப்பு சேர்ந்தால் அந்த ஆளின் ஐடியை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் வேலை இல்லை.

ராஜகுளத்தில் ஒன்று, திருப்புட்குழியில் ஒன்று என்று போன மாதம் இரண்டு விழுந்தபோது அவள் வீட்டில் கேட்டாள். "ரெண்டும் பேஜார் புடிச்ச கஸ்டமருங்க. போனா ஆளு இல்ல, போவலன்னா கம்ப்ளெய்ன்ட்" என்றான். நம்பினாள்.

"பணியாளர் வந்து சரிசெய்ததாகப் பதிவாகியிருக்கிறதே அம்மா. அவர் வந்தாரா?" என்று கேட்டாள்.

"வர்ல. அந்தப் புள்ள போன்ல நம்பர் கேட்டுச்சி, குட்த்துட்டேன்."

"வேலை முடியாமல் அந்த எண்ணை ஏன் கொடுத்தீர்கள்?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஆடு கத்தியது.

"அது மேல கம்ப்ளெய்ன்ட் இல்லம்மா. நீ அத்த எய்திடாத. வேற ஆள அனுப்பு. அது நல்ல புள்ள. நான்தான் அத்த சாவடிக்கப் பாத்தேன்."

கனகாவின் விரல் விசைப்பலகையின் மேல் நின்றுவிட்டது. "என்ன நடந்தது என்று சொல்லுங்கள் அம்மா" என்றாள். கடிகாரம் மூன்று நிமிடத்தைத் தாண்டியது.

"பங்குனியில மோட்டார் ரிப்பேருன்னு வந்திச்சி. கம்பத்துல மெயின எறக்கி வச்சிட்டு, மோட்டாரு செட்டுக்குள்ள போயி ஸ்டார்ட்டர் பொட்டியத் தொறந்து கைய வுட்டுக்கினு ஒக்காந்திருந்திச்சி. செவுரு மறைவுல எனக்குத் தெரியல. நான் கம்பத்தாண்ட மாட்ட அவுத்துக்கினு இருந்தேன். அந்த நேரம் பாத்து மூணு பேஸ் கரண்டு வந்திச்சி. பக்கத்துக் கொல்லையில மோட்டாரு எடுத்திச்சி. அந்தச் சத்தம் கேட்டா எங்களுக்குக் கை தானா போவும்மா. ஆறு மணி நேரம்தான் வுட்றான், அதுல ஒரு நிமிசம் போனாலும் போனதுதான். முப்பது வருசப் பயக்கம். மெயினத் தூக்கிட்டேன். தூக்குனப்புறம்தான் நெனப்பு வந்திச்சி."

மலர்க்கொடி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"ஓடிப் போயிப் பாத்தா, செட்டுக்கு வெளிய ஈர மண்ணுல கெடக்குது. கண்ணு தொறந்தபடி கீது, ஆனா பேச்சில்ல. செத்துப்போச்சின்னே நெனச்சேன். தண்ணி தெளிச்சி, கையத் தேச்சி வுட்டேன். எய்ந்து ஒக்காந்ததும் மொதல்ல இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, எங்க வூட்ல பயந்துக்கும்'னு சொல்லிச்சி. அதான் நம்பர் கேட்டப்பல்லாம் குட்த்தேன். உள்ளூர் ஆளு ஒருத்தன் நேரா ஒயர இய்த்து குட்த்தான், இத்தினி நாளு அதுல ஓடிச்சி. இப்ப அதுவும் புகைஞ்சி போச்சி."

ஒன்றரை மாதமாகப் புரியாமலிருந்த சில விஷயங்கள் கனகாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. அவன் ஆள்காட்டி விரலில் இருந்த தீக்காயம். பைக் சைலன்சர் பட்டுவிட்டது என்று சொல்லியிருந்தான். மாலையில் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் இருட்டில் உட்கார்ந்திருந்தான். "லைட்டு கூடவா போட மாட்ட, நான் வந்துதான் போடணுமா" என்று அவள் எத்தனை நாள் சிடுசிடுத்திருக்கிறாள். சட்னி அரைத்து வைக்கச் சொன்னதற்கு மிக்சியைப் பார்த்தபடி நின்றுவிட்டுப் போய்க் கடையில் நாஷ்டா வாங்கி வந்தான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அலுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று அவள் குளியலறையில் அழுதிருந்தாள்.

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் அம்மா. இன்றைக்கே வேறு ஒருவரை அனுப்புகிறோம்" என்றாள். குரல் எப்படியோ மடிப்புக் கலையாமல் வந்தது. "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"அந்தப் புள்ள இப்ப எப்டி கீது? நீ பாப்பியாம்மா?"

இந்தக் கேள்விக்குத் திரையில் பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"பார்ப்பேன் அம்மா" என்றாள்.

அழைப்பை முடித்துவிட்டு, சுகிர்தாவின் மேசைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது கனகாவுக்கு அழுகை வரவில்லை. சுகிர்தாவுக்குத்தான் கண் கலங்கியது. ஆனால் அவள் பத்து வருடமாக டீம் லீடர். மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அந்தம்மா சொன்னதெல்லாம் ரெக்கார்டுல ஏறிடுச்சி. இனிமே மறைக்க முடியாது. மெக்கானிக்குக்குப் போன் போட்டு நாலு கேள்வி கேக்கணும். நீ எழுந்திரு, நான் கேக்கறேன்."

பொய் முடிப்பு என்று எழுதுவதற்கு முன்னால் மெக்கானிக்கை அழைத்துக் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் அவை. திரையில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. பதிலையும் அவர் சொன்ன சொல்லிலேயே பதிய வேண்டும். பதிலை எடுத்துக் கொடுத்தால் அது அழைத்தவள் செய்த குற்றம். அவன் உள்ளதைச் சொன்னால் விபத்து என்று ஆகும், ஐடி தப்பிக்கும். 'கஸ்டமர் வீட்டில் இல்லை' என்று ராஜகுளத்துக்குச் சொன்னதையே இதற்கும் சொன்னால், மலர்க்கொடியின் குரலையும் அவன் குரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பார்கள். அன்றோடு முடிந்தது.

"நீங்க கேட்டா சொல்ல மாட்டாரு அக்கா" என்றாள் கனகா.

"உன்கிட்ட மட்டும் சொல்வாரா? ஒன்றரை மாசமா சொல்லலியே."

சுகிர்தா குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

"நானே கேக்கறேன். நீங்க பக்கத்துல ஒக்காந்து கேளுங்க. டீம் லீடர் கேட்டுக்கினு இருந்தா சொந்தக்காரங்ககிட்ட பேசலாம்னு ரூல் கீதுல்ல."

சுகிர்தா, செல்பேசிகளைப் பூட்டி வைக்கும் அலமாரியின் சாவியை மேசைமேல் வைத்தாள். "நான் போயி டீ குடிச்சிட்டு வரேன். அஞ்சி நிமிசம் ஆவும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அந்த ஐந்து நிமிடமும் கனகா சாவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எடுத்துத் திறந்து, தன் செல்பேசியில் அவனைக் கூப்பிட்டு, 'மாமா, எனக்குத் தெரிஞ்சி போச்சி, இப்ப ஆபீஸ்லேர்ந்து போன் வரும், உள்ளத சொல்லிடு' என்று சொன்னால் போதும். சொல்லிவிடுவான். வேலையும் தப்பிக்கும். ஆனால் அது அவள் சொல்லிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். தன்னால் முடியவில்லை என்று ஒரு ஆம்பளை முதல் தடவையாக வாய் திறக்கிறான் என்றால், அந்த வாயிலும் மனைவி வந்து உட்கார்ந்துகொள்வதா? பிறகு அவனாகச் சொல்வது என்று என்ன மிஞ்சும்? அவன் வேலையை வைத்து இப்படி யோசிப்பது திமிர்தானோ என்றும் தோன்றியது. இரண்டு தடவை கை நீண்டது. சுகிர்தா திரும்பி வந்தபோது சாவி வைத்த இடத்திலேயே இருந்தது.

"பைத்தியக்காரி" என்று சொல்லிவிட்டுச் சுகிர்தா இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

மணி ஐந்து தடவை அடித்தபிறகு தினேஷ் எடுத்தான்.

"வணக்கம். வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து கனகா பேசுகிறேன். பணியாளர் தினேஷ்குமார் அவர்களா?"

"இன்னா கனகா, சாப்ட்டியா?"

"இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது சார்."

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்துக்கு அவன், "பதிவு பண்ணி இன்னா பண்ணப்போற, கேட்டுக் கேட்டுத் தூங்குவியா" என்று சொல்லி, சுகிர்தாவிடம் அவளுக்குத் திட்டு வாங்கிக் கொடுத்தவன். காதல் அங்கேதான் ஆரம்பித்தது. இன்றைக்கு அவனிடம் அந்தச் சிரிப்பு இல்லை.

"கேளு" என்றான்.

"பழையசீவரம் மலர்க்கொடி அவர்களின் புகாருக்கு நீங்கள் நேரில் சென்றீர்களா?"

"போனேன்."

சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள். கனகா 'போனேன்' என்று பதிந்தாள். இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது.

"சென்ற தேதி?"

"புதன்கெழம."

"வேலை முழுமையாக முடிந்ததா?"

பின்னால் ஒரு லாரி ஏதோ மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது. அவன் சாலையோரத்தில் எங்கோ வண்டியை நிறுத்தியிருந்தான்.

"முடிக்கல."

"முடிக்காததற்குக் காரணம் என்ன?"

"கஸ்டமரு..." என்று ஆரம்பித்தான். அதோடு நின்றுவிட்டான்.

பதில் வராவிட்டால் பதினைந்து விநாடி பொறுத்திருந்து, அதே கேள்வியை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் 'பதிலளிக்கவில்லை' என்று எழுதி முடித்துவிட வேண்டும். பதினைந்து போனது. இருபது. சுகிர்தா ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினாள். கனகா தலையை ஆட்டிவிட்டுப் பொறுத்திருந்தாள். அவன் மூச்சு மட்டும் கேட்டது. எண்பது பேருடைய மூச்சைக் கேட்டுப் பழகிய காது அவளுடையது. அவன் அழவில்லை, கோபப்படவில்லை. நிற்கிறான். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறான்.

முப்பத்தைந்தாவது விநாடியில் இரண்டாவது தடவையாகவும் கடைசித் தடவையாகவும் கேட்டாள். "முடிக்காததற்குக் காரணம் என்ன?"

சொற்கள் திரையில் இருந்தவைதான். ஆனால் இந்தத் தடவை அவள் அதை வாசிக்கவில்லை. கேட்டாள்.

"மொதக் கேள்விக்கு சொன்னது பொய்யி" என்றான் தினேஷ். "அத்த அடிச்சிடு. போவல. புதன்கெழமயும் போவல, எதுக்கும் போவல. ராஜகுளத்துக்கும் போவல, திருப்புட்குழிக்கும் போவல. பங்குனியில அவங்க கொல்லையில ஷாக்கடிச்சி வியுந்துட்டேன். அந்தம்மா மேல தப்பு இல்ல. அதுலேர்ந்து பொட்டியத் தொறக்க முடியல. தொட்டா கை ஆடுது. பயமா கீது."

"எய்திக்கினியா?" என்று கேட்டான்.

அவள் எழுதினாள். நான்கு வருடத்தில் அவள் பதிந்த எந்தப் பதிலிலும் அப்படி ஒரு சொல் போனதில்லை. 'பயமா கீது' என்று அவன் சொன்னபடியே அடித்தாள். சுகிர்தா பார்த்தாள், திருத்தச் சொல்லவில்லை.

"நீங்கள் சொன்னதை வாசிக்கிறேன் சார்" என்று கனகா முழுவதையும் வாசித்துக் காட்டினாள். கடைசி இரண்டு சொல்லுக்கு வரும்போது குரல் கசங்கிவிட்டது. அதை நீவிச் சரிசெய்ய அவள் முயலவில்லை.

"கரெக்டுதான்" என்றான். தொடர்பை அவனே துண்டித்தான்.

சுகிர்தா 'விபத்து' என்ற கட்டத்தில் குறியிட்டாள். "ஐடி போவாது. டாக்டர் எய்திக் குடுக்கற வரைக்கும் நிறுத்தி வைப்பாங்க. அதுக்கப்புறம் பழைய வேலையே தருவாங்களான்னு எனக்குத் தெரியல. அத்த இப்பவே சொல்லிட்றேன்" என்றாள். பழையசீவரத்துக்கு இன்னொரு மெக்கானிக் ஆல்பர்ட்டை அனுப்பினார்கள். மூன்றரை மணிக்கு நாற்றங்காலில் தண்ணீர் பாய்ந்தது என்று செய்தி வந்தது. அந்தப் பிற்பகலில் கனகா இன்னும் நாற்பது அழைப்புகளை எடுத்தாள். என்ன பேசினாள் என்று பிறகு கேட்டிருந்தால் ஒன்றுகூட நினைவிருக்காது.

ஆறு மணிக்குப் படியிறங்கும்போது அவன் கீழே ஜவுளிக்கடை வாசலில் பைக்கோடு நின்றிருந்தான். என்ன முகத்தோடு நிற்பான் என்று மாடியிலிருந்தே அவள் பயந்துகொண்டு வந்தாள். அவன் பொம்மைக்குக் கட்டியிருந்த புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் கேட்டாங்களா?"

"சுகிர்தா அக்கா மட்டும்தான்."

"சிரிச்சிதா?"

"மூக்கு சிந்துச்சி."

அவன் தலையாட்டினான். "நீயே கேப்பேன்னு நெனக்கல. மொதல்ல கோவம் வந்திச்சி. சார் மோர்னு கூப்ட்டுக்கினு, பெரிய கலெக்டராட்டம்."

"நானும்தான் கோவமா கீறேன். எங்க வூட்ல பயந்துக்கும்னு சொன்னியாமே. நான் பயப்படாம யாரு பயப்பட்றது?"

அவன் வண்டிச் சாவியைச் சுழற்றினான். "நீ பயந்துக்குவேன்றதுக்காக மட்டும் இல்ல கனகா. மெயின எறக்குனா போதாது. பீஸ் கட்டையக் கயட்டி சட்டப் பாக்கெட்டுல போட்டுக்கினுதான் பொட்டியத் தொடணும். ஆல்பர்ட்டுக்கே அத்த நான்தான் சொல்லிக் குட்த்தேன். அன்னிக்கு அவசரத்துல கயட்டல. கயட்டியிருந்தா அந்தம்மா பத்துவாட்டி தூக்கினாலும் ஒண்ணும் ஆயிருக்காது. இத்த எந்த மொகத்த வச்சிக்கினு சொல்றது?"

இந்த இடத்தில் சொல்வதற்கு அவளிடம் ஏராளமான வாக்கியங்கள் இருந்தன. நான்கு வருடமாகத் தினமும் எண்பது பேரிடம் சொல்லிச் சொல்லி வழவழப்பானவை. ஒன்றும் உதவாது என்று தெரிந்தது. அவன் கையை இழுத்து அந்த விரலைத் திருப்பிப் பார்த்தாள். காயம் ஆறியிருந்தது. தோல் மட்டும் கொஞ்சம் வெளிறி, ஒரு பருக்கை அளவுக்குக் குழிந்திருந்தது. கடைவீதியில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நெஞ்சுல வலி எதனா கீதா?"

"வலி இல்ல. தூக்கம்தான் வர்ல. எங்கனா நாலு மோட்டாரு ஒண்ணா எடுத்தா திக்குனு ஆவுது."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்குப் போலாம்."

"நாளைக்கு வரேன்னு சொல்லி நம்பர் வாங்கிக்கினு போற ஆளுதானே நீ. உன் நாளைய நான் நம்ப மாட்டேன். வண்டிய எடு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வண்டியை எடுத்தான்.

அரசு மருத்துவமனையில் அந்த நேரத்தில் கூட்டம் குறைவு. சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் காய்ச்சலோடு ஒரு குழந்தையும், காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவரும் இருந்தார்கள். கனகாவும் தினேஷும் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பேசாமை அவளுக்கு ஒன்றரை மாதத்துப் பேசாமையைப் போல இல்லை.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு இளம் பெண் டாக்டர் சீட்டைப் பார்த்தபடியே, "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று கேட்டாள்.

தினேஷ் பழக்கத்தில் கனகாவைத் திரும்பிப் பார்த்தான். ரேஷன் கடையிலும் வங்கியிலும் வாடகை வீட்டுக்காரரிடமும் அவன் சார்பில் பேசுகிறவள் அவள்தான். பேசுவதுதானே அவள் தொழில். கனகா வாயைத் திறக்கவில்லை. டாக்டருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"கரண்டு அடிச்சிடுச்சி டாக்டர்" என்றான் தினேஷ். "ஒன்றர மாசம் ஆவுது. அன்னிக்கு இன்னா நடந்துச்சின்னா..."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.